மிதிவெடியும் மலிவான இயந்திரமும்: ஒரு வரலாற்று நோக்கு

'றோபோ' என இன்று உலகெங்கும் வழங்கும் சொல் செக் மொழியினின்றும் பிறந்தது. 1920ஆம் ஆண்டு செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் தாம் எழுதிய நாடகமொன்றில், மனிதருக்காகத் தொழில் செய்யும்பொருட்டு ஆக்கப்பட்ட செயற்கை மாந்தருக்கு அப்பெயரை இட்டார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவர்தம் தமையனார் யோசெப் என்பர். 'றொபோத்தா' என்னும் செக் சொல், நிலப்பிரபுவின் நிலத்திற் குடியானவன் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய ஊழியத்தைக் குறிக்கும். கண்டி நாட்டில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கண்டியரசின் காலத்தில் நிலம் பெற்றவன் அதற்கு ஈடாக ஆற்றிய இராசகாரியமும் இத்தகைய ஊழியமே. பின்வந்த ஆங்கில ஆட்சியினர் அதனைப் பாதை அமைத்தற்கும் பயன்படுத்தி, ஈற்றிற் கோல்புறூக்கின் பரிந்துரையை ஏற்று 1832ஆம் ஆண்டு ஒழித்தனர்.

சொல்லின் பிறப்பை ஈண்டு எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. மனிதனை ஏவத் தகாத தொழிலை இயந்திரத்தை ஏவிச் செய்வித்தல் என்னும் ஆசையே அச்சொல்லின் உள்ளே கிடப்பது. அத்தகைய தொழில்களுள் முதலிடம் பெறத்தக்கது, மண்ணுள் மறைந்து கிடக்கும் மிதிவெடியைத் தேடி எடுத்தலாகும். ஆயினும், செவ்வாய்க் கிரகத்துக்குப் பொறிகளை அனுப்பும் இக்காலத்திலும், வன்னியிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலிலும் அத்தொழிலைச் செய்வோர், முழந்தாளிட்டு மண்ணைக் கிளறும் ஆடவரும் பெண்டிருமே ஆவர். ஏழை நாடுகள் வாங்கத்தக்க விலையில் மிதிவெடி அகற்றும் பொறி ஏன் இன்னும் பரவலாக வந்திலது? இதுகாறும் நிகழ்ந்த முயற்சிகள் யாவை? அவற்றால் நாம் அறியக் கிடப்பது யாது? இவற்றை வரலாற்று நெறியில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மிதிவெடி கண்டி மாவட்டத்துக்கு எட்டாத செய்தி என்று சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. 1970களின் முற்பகுதியிற் தோட்டங்களில் நிலவிய உணவுப் பஞ்சத்தாலும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும் மலையகத்தை நீங்கிய குடும்பங்கள் பல, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளிற் குடியேறின. கொழுந்து கொய்த கைகள் அங்கே காடு வெட்டிக் கழனி ஆக்கின. பின்னாளிற் போர் பரவிய நிலத்துள் அவர்களுடைய நிலமும் அடங்கும். ஆதலின் வன்னி மண்ணின் கதை நம் உறவினர் கதையுமாகும்.

மிதிவெடியின் இயல்பு

ஆள் மிதித்த அளவில் வெடிப்பதை மிதிவெடி என்றும், ஊர்திகளைத் தகர்க்கும் பெரியவற்றையும் உள்ளடக்கிப் பொதுவாகக் கண்ணிவெடி என்றும் ஈழத்துத் தமிழில் வழங்குகின்றோம். இலங்கையில் 1980களின் நடுப்பகுதி முதல் 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடியும்வரை அரச படையினரும் விடுதலைப் புலிகளும் இவற்றைப் புதைத்தனர். படையினர் பயன்படுத்தியவற்றுட் பாகிஸ்தானின் பி-4 வகையும் சீனாவின் 72ஆம் வகையும் குறிப்பிடத்தக்கன. புலிகள் மரப்பெட்டியில் அமைத்த 'ஜொனி' வெடியையும், பி-4ஐ ஒட்டிச் செய்த 'ரங்கன்-99' வெடியையும் தாமே உற்பத்தி செய்தனர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்த பின்னர் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களை ஊடறுத்துச் சென்ற போர்முனைக் கோடு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அங்கேயே நிலைத்தது. அதனால் முகமாலை உலகில் மிக நெருக்கமாக மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாயிற்று.

மிதிவெடியைத் தேடுவோர்க்கு இரு இடர்கள் ஒருங்கே நேர்கின்றன. நெகிழியாலும் மரத்தாலும் ஆகிய வெடிகளில் உலோகம் மிகச் சிறிதே உண்டு. ஆகையால் உலோகங் காட்டும் கருவி அவற்றைக் காணத் தவறலாம். மறுபுறம், போர் நடந்த மண்ணிற் குண்டுச் சிதறல்களும் வெற்றுத் தோட்டாக்களும் எங்கும் நிறைந்துள்ளன. ஆகையால் அதே கருவி ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும். இல்லாத இடத்தில் உண்டென்றும், உள்ள இடத்தில் இல்லையென்றும் உரைக்கும் சாட்சியை வைத்து வழக்கை முடிப்பது எங்ஙனம்? பொறியியலார் எதிர்கொண்ட வினா இதுவே.

போர்க்களத்திற் பிறந்த பொறிகள்

மிதிவெடியைத் தேடும் கருவிகளின் வரலாறு இரண்டாம் உலகப்போரிற் சிறப்புப் பெறுகின்றது. போலந்து நாட்டுப் படை அதிகாரியான யோசெப் கொசாட்சுக்கி, தாயகத்தை இழந்து ஸ்கொத்லாந்தில் தங்கியிருந்த காலத்தில், 1941ஆம் ஆண்டளவில், ஒருவர் கையிற் தாங்கிச் செல்லத்தக்க மின்காந்தக் கருவியொன்றை அமைத்தார். அதற்கு உரிமைப்பணம் எதுவும் பெறாது பிரித்தானியப் படைக்கு வழங்கினார். 1942ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் எகிப்தின் எல் அலமெயின் போர்க்களத்தில் அக்கருவி பயன்பட்டது. அதே களத்தில் 'தேள்' எனப் பெயரிய பொறியும் தோன்றிற்று. தாங்கியின் முன்புறத்துச் சுழலும் உருளையிற் சங்கிலிகளைக் கோத்து, அவை நிலத்தை ஓங்கி அறைந்து வெடிகளை வெடிக்கச் செய்யுமாறு அமைத்த அப்பொறிக்கு மூலகர்த்தா, தென்னாபிரிக்கப் படையினரான ஏபிரகாம் டு தொயிற் என்பவர். இன்று தொலைவிலிருந்து இயக்கப்படும் சுலோவாக்கிய நாட்டுப் பொசேனா, குரோசிய நாட்டு எம்.வி.-4 முதலிய பொறிகள் அத்'தேளின்' வழித்தோன்றல்களே. இவ்வகைப் பொறிகளை இலங்கைப் படையினரும் பயன்படுத்தியுள்ளனர்.

ஆனால் படையின் தேவை வேறு. குடியானவனின் தேவை வேறு. முன்னேறும் படைக்கு ஒடுங்கிய வழியொன்று விரைவில் வேண்டும். நூறு வெடிகளுள் ஐந்து எஞ்சினும் அப்படை முன்செல்லும். தன் வயலுக்குத் திரும்பும் குடியானவனுக்கோ ஒரு வெடி எஞ்சினும் வயல் முழுதும் பயனற்றது. சங்கிலியால் அறையும் பொறி சில வெடிகளை வெடிக்கச் செய்யாது உடைத்தும் தள்ளியும் விடுவதுண்டு. ஆதலின் பொறி சென்ற நிலத்தை மனிதர் மீண்டும் சோதித்தே ஆகவேண்டும். பெருவிலை கொடுத்து வாங்கிய இயந்திரம் மனிதனை முற்றாக விடுவியாமைக்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் இங்கு நோக்கத்தக்கது. டென்மார்க்கின் மேற்குக் கரையிற் புதைந்து கிடந்த பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பணி, சரணடைந்த யேர்மானியப் படைவீரர்மேற் சுமத்தப்பட்டது. அவருட் பலர் மாண்டனர், பலர் உறுப்பிழந்தனர். எல் அலமெயினில் இயந்திரம் இருந்தும், மூன்று ஆண்டுகளின் பின் டென்மார்க்கில் மனித உடலே கருவியாயிற்று. இயந்திரம் கிடையாமை மட்டும் இதற்குக் காரணமன்று; அம்மனிதருடைய உயிர் அன்று மலிவாக மதிக்கப்பட்டமையும் காரணமாகும்.

வன்னியின் இரும்புவாரி

2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தான பின்னர், வடகிழக்கில் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பணி விரிவடைந்தது. ஹேலோ, மாக் முதலிய நிறுவனங்கள் வந்தன. வன்னியில் நோர்வே மக்கள் உதவி நிறுவனம், தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தைச் சார்ந்த மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவுடன் இணைந்து தொழிற்பட்டது. அப்பணியிற் பெயர் பெற்றது எளியதொரு கருவி. அது தோட்டத்திற் சருகு வாரும் பல்வைத்த இரும்புவாரியேயாகும்.

நீண்ட பிடி பொருத்திய கனத்த வாரியால் மண்ணை முதலிற் தளர்த்துவர். பின் இலேசான வாரியால் அம்மண்ணைத் தம் பக்கமாக மெல்ல இழுப்பர். மிதிவெடியின் அழுத்தும் பகுதி அதன் மேற்புறத்தில் இருப்பது. வாரியின் பற்களோ பக்கவாட்டில் வந்து அதனைத் தொடும். ஆதலின் பெரும்பாலும் வெடி வெடியாது வெளிப்படும். தப்பித் தவறி வெடிப்பினும் பிடியின் நீளம் உடலுக்கும் வெடிக்கும் இடையே தூரத்தை அளிக்கும். யாவற்றினும் மேலாக, வாரி உலோகத்தைத் தேடுவதன்று. மண் முழுவதையும் புரட்டிப் பார்ப்பது. எனவே நெகிழி வெடியும் மரப்பெட்டி வெடியும் அதற்கு ஒன்றே. குண்டுச் சிதறல்கள் அதனை ஏமாற்றுவதில்லை. மின்கருவி தடுமாறிய இடத்திற் கொல்லன் பட்டறைக் கருவி தெளிவுரை பகன்றது. வடபகுதியின் மணற்பாங்கான நிலம் இம்முறைக்கு இசைந்தது. வெளிநாட்டு வல்லுநரும் இதனை ஆராய்ந்து, முறையான கண்ணிவெடி அகற்றும் நெறிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டனர்.

வாரியின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. கோடையில் இறுகிய மண்ணை நீர்விட்டு இளக்க வேண்டும். பற்றைக்காடு மூடிய இடத்தில் அதனை வெட்டி அகற்றிய பின்னரே வாரி செல்லும். கொதிக்கும் வெயிலில், கனத்த காப்புடையும் முகக்கவசமும் தாங்கி, நாளெல்லாம் மண்ணை இழுத்தல் உடலை முறிக்கும் உழைப்பு. சாய்ந்து கிடக்கும் வெடியில் வாரியின் பல் மேற்புறத்தைத் தொடுதலும் கூடும். கருவி மலிவாயினும், அதனைப் பிடித்திருக்கும் கை மலிவானதன்று.

உழவு இயந்திரம் காட்டிய வழி

இக்குறைகளை நீக்கும் வழியை ஆய்வுகூடத்திற் தேடாது, வன்னியிற் பணியாற்றியவர்களிடமே கேட்டறிய முற்பட்டவர் இத்தாலியின் யெனோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமானுவேலா செப்போலினா. போர்நிறுத்தக் காலத்தில் அவர் வன்னியில் வெடி அகற்றுவோரைக் கண்டு, அவர்களுக்கு எது வேண்டும் என வினவினார். மனிதனைப் போல யாவும் செய்யும் பொறியை அவர்கள் கேட்கவில்லை. பற்றையை வெட்டவும் இறுகிய மண்ணைத் தளர்த்தவும் துணைவேண்டினர். அதற்குப் பொருந்திய அடிப்படை, வயலிலேயே நின்றது. அதுவே 'லாண்ட்மாஸ்டர்' என நம் நாட்டார் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரம்.

இவ்வெண்ணத்தின் நுட்பத்தை மடவளையைச் சூழ்ந்த பாத்ததும்பறைச் சிறு வயல்களை அறிந்தோர் எளிதில் உணர்வர். இருசில்லு இயந்திரம் ஒடுங்கிய வரம்பிலும் திரும்பும்; அதன் உதிரிப்பாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும்; பழுதானால் ஊர்ப் பட்டறையாரே திருத்துவர்; அதனை ஓட்டப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அதனைத் தொலைவிலிருந்து இயக்குமாறு அமைத்து, வெடியைத் தாங்கும் சில்லுகளைப் பொருத்தி, முன்னே பற்றை வெட்டும் கருவியையோ மண் கிளறும் கருவியையோ மாட்டுதலே திட்டம். அகற்றும் பணி முடிந்தபின் அவ்வியந்திரம் பழையபடி உழவுக்கே திரும்பலாம். அழிவைத் துடைத்த கருவியே ஆக்கத்துக்கும் உதவும்.

2006ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டது. அத்தகைய ஆய்வுக்கு வன்னியில் இடமில்லாது போயிற்று. எனினும் அவ்வெண்ணம் அழியவில்லை. சிறிய நாற்சில்லு உழவு இயந்திரமொன்றைத் தொலைவிலிருந்து இயக்குமாறு மாற்றி அமைத்த 'லொக்கோஸ்திரா' என்னும் பொறி, செப்போலினாவும் அவர்தம் துணைவரும் முயன்ற முயற்சியால் உருவாகி யோர்தான் நாட்டிற் சோதிக்கப்பட்டது. வன்னியில் முளைத்த விதை யோர்தானிற் காய்த்தமை நமக்குப் பெருமையும் துயரமும் ஒருங்கே தருவது.

மொறட்டுவையின் முரளியும் கீரியும்

இலங்கையிலேயே எழுந்த முயற்சியும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் திரிசாந்த நாணயக்காரவும் அவர்தம் மாணவரும் மிதிவெடி தேடும் றோபோ ஒன்றைக் குறைந்த செலவில் அமைத்தனர். அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'முரளி' என அழைத்தனர். கண்டி மக்களுக்கு அப்பெயர் வேறொரு காரணத்தாலும் இனியது. கால்களால் நகரும் அப்பொறி பற்றையும் மேடுபள்ளமும் நிறைந்த நிலத்துக்கென அமைக்கப்பட்டது.

முரளிக்கு மூக்கு இல்லை. வெடிமருந்தின் மணத்தை உணரும் செயற்கைக் கருவி விலையேறியது. நம்பத்தக்கதாகவும் அன்று அமையவில்லை. ஆதலின் அவர்கள் ஊர்க் கீரியை நாடினர். வெடிமருந்தின் மணத்தை அறியுமாறு பழக்கிய கீரியைப் பொறியுடன் பிணைத்து முன்னே செல்லவிட்டனர். கீரியின் உடல் இலேசானது; மிதிவெடியை அழுத்தி வெடிக்கச் செய்யும் எடை அதற்கில்லை. வெடியை உணர்ந்த இடத்தில் அது குறிப்புக் காட்டும். பொறியை இயக்குபவர் பாதுகாப்பான தூரத்திலிருந்து அவ்விடத்தைக் குறித்துக்கொள்வர். 2008ஆம் ஆண்டு இச்செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. எனினும் அது பரவலான களக்கருவியாக வளர்ந்திலது.

பிற நாடுகளிலும் இத்தகைய வரலாறே காணப்படுகின்றது. யப்பானிய அறிஞர் சிகெயோ ஹிரோசே அமைத்த 'கிரிபன்' என்னும் பொறி, நீண்ட கையால் நிலத்தைத் தடவிச் சோதிப்பது. குரோசியாவிலும் கம்போடியாவிலும் சோதிக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானிற் பிறந்து ஒல்லாந்திற் கல்வி கற்ற மசூத் ஹசானி, 2011ஆம் ஆண்டு மூங்கிற் தண்டுகளால் ஆகிய பெரும் பந்தொன்றைக் காற்றில் உருளவிடும் எளிய உபாயத்தைக் காட்டினார். அது மிக மலிவானது; ஆனால் காற்று போன போக்கிற் செல்லும் பந்து, நிலத்தின் ஒவ்வொரு சாணையும் கண்டதென உறுதிகூற இயலாது. 'அபோப்போ' நிறுவனம் தன்சானியாவிற் பயிற்றிய எலிகளோ கம்போடியாவிலும் பிற நாடுகளிலும் நெடுநாளாகக் களத்திற் பணியாற்றுகின்றன. அவற்றுள் மகாவா என்னும் எலி 2020ஆம் ஆண்டு பிரித்தானிய விலங்குநல அமைப்பொன்றின் பொற்பதக்கம் பெற்றது.

இவை யாவற்றையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மிதிவெடி அகற்றல் ஒரு தொழிலன்று. வழி திருத்தல், தேடல், எடுத்தல், மீண்டும் சோதித்தல் எனப் பல தொழில்களின் தொகுதி. இவை அனைத்தையும் ஒரு பொறியே செய்யவேண்டும் என முயன்ற இடங்களில் விலை ஏறிற்று. பொறி களத்தை அடைந்திலது. ஒரு தொழிலை மட்டும் எடுத்து, அதனை உள்ளூர்க் கருவியாற் செவ்வனே செய்ய முயன்ற இடங்களிற் பயன் விளைந்தது.

மலிவு யாருக்கு?

இனி 'மலிவு' என்னும் சொல்லை ஆராய்வோம். ஒரு பொருளின் விலை பிறிதொன்றோடு ஒப்பிட்டே அறியப்படும். மிதிவெடி அகற்றும் இயந்திரத்தை மனிதனின் கூலியோடு ஒப்பிடுகின்றனர். கூலி குறைந்த நாட்டில் எந்த இயந்திரமும் விலையேறியதாகவே தோன்றும். 'இங்கே ஆட்கள் குறைந்த சம்பளத்திற் கிடைக்கின்றனர், இயந்திரம் எதற்கு?' என்னும் வாதம் கணக்கின்படி சரியானது. அறத்தின்படி அச்சந் தருவது.

மலையகத்தார் இவ்வாதத்தை நன்கு அறிவர். 1854ஆம் ஆண்டு யோன் வாக்கர் என்பவர் கண்டியிற் பட்டறை நிறுவிக் கோப்பித் தோல் நீக்கும் இயந்திரங்களைச் செய்தார். தேயிலைக் காலத்தில் இலை அரைக்கவும் உலர்த்தவும் இயந்திரங்கள் அடுத்தடுத்துத் தொழிற்சாலைக்கு வந்தன. மலைச்சரிவிற் கொழுந்து கொய்தலோ இன்றும் பெரும்பாலும் பெண்களின் கையாலேயே நடைபெறுகின்றது. தளிரைத் தெரிந்து கொய்யும் நுட்பம் இயந்திரத்துக்கு எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் அக்கை மலிவாகக் கிடைத்தமையும் அதற்கு ஒரு காரணம் என்பதை எவரே மறுப்பர்? அட்டை கடித்த காலின் துன்பத்தைக் குறைக்கவேனும் ஒரு கருவியை ஆராயும் அவசரம் ஆராய வல்லோர்க்கு எழவில்லை.

இன்று வடக்கின் வெடிநிலங்களிற் பணியாற்றுவோருட் போரிற் கணவரை இழந்து குடும்பம் தாங்கும் பெண்கள் பலர் உளர். அவர்களுக்கு இத்தொழில் மாதச் சம்பளம், பிள்ளைகளின் கல்வி. 'இயந்திரம் வந்தால் அவர்கள் பிழைப்பு என்னாகும்?' என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஆனால் இயந்திரம் அவர்களை வெளியேற்றுதற்கு அன்று, அவர்களுக்கும் வெடிக்கும் இடையே நிற்றற்கே வேண்டப்படுவது. பற்றை வெட்டும் ஆபத்தையும் இறுகிய மண்ணின் கடுமையையும் அது தாங்கட்டும். முடிவான சோதனையும் தீர்ப்பும் பழகிய மனிதரிடமே இருக்கட்டும். அப்பெண்கள் பெற்ற அறிவும் பொறுமையும் எந்தப் பொறியிலும் இன்னும் அமையவில்லை.

இப்பணிக்குக் காலவரையறையும் உண்டு. 1997ஆம் ஆண்டு ஒட்டாவாவிற் கைச்சாத்தான மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இணைந்தது. அது 2018 யூன் 1இல் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்ததால், பத்து ஆண்டுகளில், 2028 யூன் 1ஆம் நாளுக்குள், நிலம் முழுவதையும் துப்புரவாக்கும் கடமை நாட்டின்மேல் அமைந்தது. இப்பணியின் செலவிற் பெரும்பகுதி பிற நாட்டு நன்கொடையாகவே வந்துள்ளது. 2025ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, உலகின் பல பாகங்களிற் கண்ணிவெடி அகற்றும் பணி தடைப்பட்டது. பிறர் கைப்பொருளால் வாங்கி, பிறர் நாட்டு உதிரிப்பாகத்தால் இயங்கும் பொறி, அக்கை மூடிய அன்றே நின்றுவிடும். பட்டறையிற் செய்த வாரியும் வயலில் நின்ற உழவு இயந்திரமும் அங்ஙனம் நில்லா.

முடிவுரை

இதுவரை கூறியவற்றாற் பெறப்படுவது ஒன்றே. ஏழை நாட்டுக்கு மலிவான இயந்திரம் என்பது விலைப்பட்டியலிற் குறைந்த எண்ணை உடையதன்று. அந்நாட்டு மனிதரைக் கேட்டு அமைத்தது. அந்நாட்டுப் பட்டறையிற் திருத்தத்தக்கது. பணி முடிந்தபின் அந்நாட்டு வயலுக்கு உதவுவது. இவை மூன்றும் பொருந்தியதே உண்மையில் மலிவானது. மனித உயிரை மலிவெனக் கொண்டு, அதனால் இயந்திரம் வேண்டா எனத் தள்ளும் கணக்கு எக்காலத்தும் பிழையான கணக்கு.

நம் மாணவருட் பலர் பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியல் கற்கச் செல்கின்றனர். பெரும் பொறிகளை அமைக்கும் கனவு அவர்களுக்கு இருத்தல் நன்று. அக்கனவோடு ஒருமுறை வன்னிக்கும் சென்று, வாரி பிடித்து நிற்கும் ஒரு தாயிடம், 'அம்மா, இதில் உங்களுக்கு எது கடினம்?' என்று கேட்பாராயின், அவர்கள் செய்யவேண்டிய பொறியின் முதல் வரைபடம் அவ்விடையிற் கிடைக்கும். இராசகாரியம் ஒழிந்து இரு நூற்றாண்டுகள் நிறையப் போகின்றன. வறுமையால் ஏவப்படும் ஊழியத்தையும் ஒழித்தல் கற்றோரின் கடமையாகும்.